முழங்கால் சர்டிபிகேட்

குவாரி முதலாளி செல்லையனின் பங்களா கேட்டைப் பூட்டி, இரண்டு நாய்களையும் அவிழ்த்துவிட்டார்கள். உள்ளே மாட்டிக்கொண்டு நின்றான் ததேயு. அவன் செல்லையனின் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர். மாலை ஐந்து மணியோடு ஒப்பந்தம் முடிகிறது. அதன்பிறகு எந்த அணியும் செல்லையனுக்குக் காலணா கொடுக்காமல் அவனைக் கூட்டிப்போகலாம். ஆனால் ததேயுவின் முழங்கால் போய்விட்டதென்று ஊரெல்லாம் பரப்பி வைத்திருந்தார் செல்லையன்.

“நொண்டியை எவன்டே எடுப்பான்? மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போடு. போடாம இந்த வாசலைத் தாண்டிருவியா?”

வெளியே நாய் உறுமியது.

“போடுதேன் முதலாளி. ஆனா முட்டு போச்சுன்னு நீங்கதான சொல்லியிருக்கீய? டாக்டர் சர்டிபிகேட் முதல்ல போகலேன்னா லீக் ஆபீஸ்ல ஒப்பந்தத்தை ஏத்துக்க மாட்டாவ.”

செல்லையனுக்கு அது நியாயமாகப் பட்டது. அணி டாக்டரை வைத்து ‘முழங்காலில் ஒரு குறையும் இல்லை’ என்று எழுதவைத்து, தானும் கையெழுத்திட்டு, போனிலேயே அனுப்பினார். லீக் ஆபீஸ் வழக்கம்போல அதை எல்லா அணிகளும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டது.

கையெழுத்துப் போடுமுன் ததேயுவின் பேனா இரண்டுமுறை கீழே விழுந்தது. மணி ஐந்து அடித்தது. அவன் போன் அலறத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று அணிகள்.

செல்லையன் எழுந்தார். “நாயை உள்ள விடட்டுமா?”

ததேயு காலை முன்னே நீட்டினான். “விடுங்க முதலாளி. இப்பவரை இந்தக் காலு நல்லாத்தான் இருந்துதுன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீய. இனி கடிபட்டா யாரு பொறுப்புன்னு எல்லா அணிக்கும் தெரியும்.”

செல்லையன் தானே போய் நாய்களைக் கட்டினார்.