மூணு வளை, ஒரே தொண்டை

நாவக்குளத்துக் கரையில ஒரு மண்மேடு. அதுல திடீர்னு மூணு வளை மொளைச்சுது. மொளைச்ச அன்னைக்கே பாதிக் காடு சோலிய விட்டுட்டு அங்க போயி குந்திக்கிச்சு.

ஆட்டம் இதுதான். வளைக்குள்ள கடலை போடணும். செவப்புன்னோ கறுப்புன்னோ கத்தணும். உள்ள இருக்கறவரு ஒரு குன்றிமணிய உருட்டுவாராம். எந்த நெறம் மேல விழுந்துச்சுன்னு அவரே சொல்லுவாராம். நீ சொன்னது விழுந்தா ஒண்ணுக்கு ரெண்டு. உருட்டுனத யாரு பாத்தான்னு கேக்காத. அவரு மூஞ்சியவே எவனும் பாத்ததில்ல. கொரல் மட்டுந்தான் வரும்.

மொத வளைக்கு மயிலெறகு ஜோடனை. உள்ளருந்து ஜமீன்தாரு கணக்கா ஒரு கொரல், "வருக... அமருக..."ன்னு. ரெண்டாவதுல தேன் சொட்டும், "வா செல்லம், மொத கடலை நம்ம செலவு"ன்னு. மூணாவது வாசல்ல ஒரு கிளி. "நான் ஜெயிச்சேன், நான் ஜெயிச்சேன்"னு விடிஞ்சதுலருந்து ஒரே பாட்டு. என்னத்த ஜெயிச்சுதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. தெனம் ஒரு கொய்யாப்பழம் கூலின்னு கேள்வி.

ராக்கன்னு ஒரு அணில் இருந்தான். வீட்டுல கண்ணு தொறக்காத மூணு குட்டி. அவனும் பொண்டாட்டி பொன்னாத்தாவும் ஆவணியிலருந்து சேத்த கடலை ஒரு மரப்பொந்து நெறைய கெடந்துச்சு. ஐப்பசி மழை புடிச்சா பத்து நாளைக்கு வெளிய தலை நீட்ட முடியாது. பொன்னாத்தா தின்னாத்தான் குட்டிக்குப் பாலு. அந்தப் பொந்துதான் அஞ்சு உசுரு.

ராக்கனுக்கு ஆசை வந்துடுச்சு. ஒரு பொந்து ரெண்டு பொந்தாகுமேன்னான். பொன்னாத்தா வாலத் தூக்கிக்கிட்டு சண்டைக்கு வந்தா.

"அடியே, குழியில போட்டு எடுக்கறது நம்ம வம்சத் தொழிலு. நான் போட்டது எந்தக் குழியிலயாச்சும் திரும்பி வராம இருந்திருக்கா?"

"எடத்த மறந்துட்டு நீ அழுததுதான் இருக்கு"ன்னா பொன்னாத்தா.

நல்ல வளையாப் பாத்துப் போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு ராக்கன் கரிச்சான் குருவிகிட்ட ஓடுனான். கரிச்சான் உருவத்துல சாணளவு. ஆனா பருந்தையே வெரட்டிக்கிட்டுப் போயி கொத்துவா. எந்தக் கொரலயும் ஒரு தடவ கேட்டாப் போதும், அப்படியே பேசிக் காட்டுவா.

மூணுல நம்பகமான வளை எது அக்கான்னு கேட்டான். கரிச்சான் சிரிச்சா. "ஒத்தக் கடலை போடு. ஜெயிச்சா கையோட கேளு. வாங்கறப்ப எல்லாரும் இனிக்கத்தான் பேசுவானுங்க. குடுக்கறப்பதான் தெரியும்."

மொத வளையில ஜெயிச்சான். கேட்டா, பௌர்ணமிக்கு வான்னாரு ஜமீன்தாரு. எந்தப் பௌர்ணமின்னா, மறுபடி "வருக... அமருக..."ன்னாரு. ரெண்டாவதுலயும் ஜெயிச்சான். "எடுக்கணும்னா இன்னும் இருபது ஆட்டம் ஆடணும் செல்லம், வளை வழக்கம்." மூணாவதுல போட்டான். ரெண்டு கடலை அப்பவே உருண்டு வந்துச்சு.

"இதுதான்க்கா!"ன்னு குதிச்சான் ராக்கன். தூண்டில் புழுவும் சும்மாதான்டா வரும்னு கரிச்சான் கத்தக் கத்த, பாதிப் பொந்தக் கொண்டாந்து அதுக்குள்ள கொட்டிட்டான். செவப்புன்னான். உள்ளருந்தும் செவப்புன்னு கொரல் வந்துச்சு. ஜெயிச்சுட்டான்!

கேட்டான். ஒண்ணுக்கு ரெண்டு குடுன்னான். மறுபடி கேட்டான்.

"மொதல்ல நீ அணில்தான்னு எனக்கு எப்படித் தெரியும்? மூணு சாட்சி கொண்டா."

முயலு, ஆமை, கீரி மூணும் வந்து இவன் அணிலுதான்னு சொல்லிச்சு. அந்தச் சாட்சிக்கு ஆளுக்கு மூணு சாட்சி வேணும்னுச்சு கொரல். ராக்கனுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. வடக்க மேகம் வேற கறுத்துக்கிட்டு வந்துச்சு.

கரிச்சான் தலையச் சாய்ச்சு கேட்டுக்கிட்டே இருந்தா. ஜமீன்தாரு பேசி முடிச்சா கடைசியில ஒரு சின்ன இளைப்பு, ஹ்க்கும்னு. தேனுக்கும் ஹ்க்கும். இதுக்கும் ஹ்க்கும். கொரல மாத்தறவளுக்கு அடுத்தவன் தொண்டை தெரியாதா? மொத வளைக்குள்ள தலைய விட்டா. சாரப்பாம்பு மாதிரி ஒரு சீறு சீறுனா.

மூணாவது வளையிலருந்து "ஐயோ பாம்பு!"ன்னு ஒரு பெருச்சாளி பாய்ஞ்சுது. பாதிதான் வந்துச்சு. ஊரான் கடலை தின்ன தொப்பை வாசல்ல மாட்டிக்கிச்சு. கிளியக் காணோம்.

பெருச்சாளிக்கு வெக்கமே இல்ல. பல்லக் காட்டுச்சு. மொத கடலை போட்டப்பவே வளைச் சட்டத்துக்கு ஒத்துக்கிட்டீங்க, போட்டது போட்டதுதான்னு உறுமுச்சு. கூடி நின்னதெல்லாம் ரெண்டடி பின்வாங்குச்சு.

கரிச்சான் அதே உறுமல அதுக்கே உறுமிக் காட்டுனா. "எந்தச் சட்டம்டா? இருட்டுக்குள்ள நீயே எழுதி நீயே படிச்சியே, அதா? வெளிச்சத்துல படி, கேப்போம்"னு மண்டையில ஒரு கொத்து வச்சா.

அப்பதான் ராக்கன் முன்னால வந்தான். பல்லுக்கு நேரா நின்னான். "அது என் குட்டிங்களுக்குப் பாலு. தள்ளு."

அது தள்ளல. இவன் ரெண்டாவது வளை வழியா இருட்டுக்குள்ள எறங்கிட்டான். உள்ள மூணும் ஒரே குகைதான். குன்றிமணின்னு ஒண்ணுகூட இல்ல. கடலைய ஒவ்வொண்ணா வெளிய உருட்டுனான். அதப் பாத்து முயலும் கீரியும் எறங்குச்சு. கொஞ்சம் வெறும் தோலாத்தான் கெடச்சுது. அந்த மழைக்குப் பொன்னாத்தா கடலை தின்னா, ராக்கன் மரப்பட்டைய மென்னான். குட்டி மூணும் கண்ணத் தொறந்துச்சு.

மழை விட்டதும் எதிர்க்கரையில நாலாவது வளை. புதுக் கொரல். "பழைய வளையெல்லாம் ஏமாத்து. இது சிங்கராஜா முத்திரை போட்ட வளை... ஹ்க்கும்."

ராக்கன் போனான். பேசி முடிக்கிற வரைக்கும் மரியாதையாக் கேட்டான். அப்புறம் திரும்பி நின்னு, பின்னங்காலால மண்ணத் தள்ளி வளைய மூடிட்டு வந்தான்.

அடுத்தவன் தோண்டுன குழியில நல்ல குழி எதுன்னு தேடாத. நீ தோண்டி நீ போட்டதுதான் ஒன் வீட்டு வாய்க்கு வரும்.