திரையில் எல்லாம் பச்சை

ஆரோக்கியத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. மின்வாரிய வேலையை விட்டுவிட்டு ரத்த வங்கியின் கணினிப் பிரிவில் சேர்ந்திருந்தார். அவருக்குச் சொல்லிக்கொடுத்த தில்ஷாத்துக்கு முப்பதுகூட ஆகவில்லை. அவர் அவளை மிஸ் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் ஒரு சர்வரில் இருந்தது. அது ஓடுகிறதா என்று ஒரு மென்பொருள் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஓடினால் திரையில் பச்சை, நின்றால் சிவப்பு. இப்போது சர்வருக்குப் புதுவகை இணைய முகவரியும் வந்துவிட்டது. ஊரில் பாதி போன்கள் அந்தப் புது வழியில்தான் வருகின்றன. அதையும் கண்காணிக்க வைப்பது ஆரோக்கியத்தின் வேலை.

"மூணு நாளா மல்லுக்கட்டுறேன் மிஸ். முழ நீளத்துக்கு முகவரி. அடைப்புக்குறி போடலைன்னா புரியலங்குது, போட்டா தப்புங்குது. இதைக் கண்டுபிடிச்சவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா…"

"கிடைக்க மாட்டாண்ணே. மறுபடியும் போடுங்க."

நாலாம் நாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. முகவரியை அழித்துவிட்டு, சர்வரின் பெயரை மட்டும் அடித்தார். உடனே பச்சை. சந்தோஷத்தில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் நானும் ஒன்று தின்றேன்.

மறுநாள் காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. போனில் பட்டியல் திறக்கவில்லையாம். ஒருவர் நாலு தடவை கூப்பிட்டார். மனைவியை ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம்.

"சார், இங்க எல்லாம் பச்சையா இருக்கு. உங்க போன்லதான் கோளாறு" என்றார் ஆரோக்கியம். எனக்கே அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கலாம் போலிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு இந்தப் புகார்கள் பற்றி மேலிடத்துக்கு அறிக்கை போக வேண்டும். கோளாறு இல்லை என்று அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்புறம் ஒருவரும் சர்வர் பக்கம் திரும்ப மாட்டார்கள். அவர் பேனாவைத் திறந்தார்.

"அண்ணே, எதிர்க்கடையில எனக்கு ஒரு டீ. புது வாசல் வழியாப் போயிட்டு வாங்க" என்றாள் தில்ஷாத்.

"இப்பவா மிஸ்?"

"இப்பத்தான்."

எரிச்சலோடு போனவர் பத்து நிமிடத்தில் டீயோடு வந்தார்.

"புது வாசல் எப்படி இருக்கு?"

"பூட்டியிருக்கு. வாட்ச்மேனைக் காணோம். பழைய வாசல் வழியாச் சுத்திப் போனேன்."

"பூட்டியிருக்குன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எதுக்கு? டீ கேட்டீங்க, டீ வந்துடுச்சு. எந்த வாசலா இருந்தா என்ன மிஸ்?"

தில்ஷாத் ஒரு வாய் குடித்தாள்.

"வெளிய யாராவது நின்னாங்களா?"

"ஒரு அம்மா. கையில ஐஸ் பெட்டியும் டாக்டர் சீட்டும் இருந்துச்சு. அந்தப் பூட்டின கேட்டைத் தட்டிக்கிட்டே நின்னாங்க."

அவள் அறிக்கையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எழுதுங்கண்ணே. டீ வந்தாச்சு, வாசல்ல கோளாறு இல்லை."

ஆரோக்கியம் திரையைப் பார்த்தார். பச்சை அப்படியே இருந்தது.

"பேரை மட்டும் கொடுத்தா, இதுவும் சுத்திப் போகுமா மிஸ்?"

"புது வழி அடைச்சிருந்தா பழைய வழியில போகும். போயிட்டு வந்து, சர்வர் ஓடுதுன்னு சொல்லும்."

"அப்ப இத்தனை நேரமும் இது சொன்னது பொய்யா?"

"பொய் இல்லண்ணே. எனக்கு டீ வந்துச்சுல்ல?" அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "அந்த அம்மா உள்ள வந்தாங்களா?"

ஆரோக்கியம் அறிக்கையை ஓரமாகத் தள்ளிவைத்தார். பேனாவை மூடாமலே எழுந்து, புது வாசலைத் திறக்கப் படியிறங்கினார்.