அரைமூட்டைப் பாறைக்கு அப்பால்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், குடிமக்கள் ஏறிப் போக ராஜா குதிரை வண்டி விட்டிருந்தார். ஆனால் அரண்மனைக் குதிரைக்குக் கொள்ளைத் தவிர வேறெதையும் காட்டக் கூடாது என்பது சட்டம். கொள்ளோ தலைநகரத்துப் பண்டகசாலையில் மட்டும்தான் உண்டு. வண்டியில் ஒரு மூட்டை ஏற்றுவார்கள். பாதி மூட்டை தீர்ந்த இடத்தில் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். அங்கே நின்ற பாறைக்கு அரைமூட்டைப் பாறை என்றே பெயர் விழுந்துவிட்டது. அதற்கு அப்பாலும் நாடு உண்டு, வண்டி கிடையாது.

அரசவை விகடகவி தேனப்பனின் ஒரே மகள் செங்கமலம் அந்த அப்பாலில்தான், கடலோர நெய்தலூரில், வாக்கப்பட்டிருந்தாள். அவளைப் பார்த்து ஆறு வருஷம் ஆயிற்று. பேரன் பிறந்தது, நடந்தது எல்லாம் உப்பு வியாபாரிகள் சொல்லித்தான் தெரியும். மாட்டு வண்டியில் போய்வர ஒரு மாதமாகும். சபையில் அத்தனை நாள் யார் விடுவார்கள்? அமாவாசைக்கு அமாவாசை அவர் பாறை வரை வண்டியில் போவார். அப்பால் போகும் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வண்டி திரும்பும்போது அவரும் திரும்பிவிடுவார்.

ஒருநாள் சபையில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "மகாராஜா, வழியெல்லாம் கம்பும் சோளமும் விளைகின்றன. குதிரை கொள்ளை மட்டும்தான் தின்னுமா?"

பண்டகசாலை அதிகாரி வீரபத்திரர் துள்ளி எழுந்தார். கொள்ளு விளைந்தது அவர் நிலத்தில் அல்லவா! "கம்பு தின்ற குதிரை கழுதையாகிவிடும், மகாராஜா!"

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "சோதித்துவிடுவோம். கொள்ளில்லாமல் நெய்தலூர் போய்ப் பத்தாம் நாள் திரும்ப வேண்டும்."

"நிபந்தனை உண்டு, மகாராஜா" என்றார் வீரபத்திரர். "வண்டியில் தீவனம் ஏற்றக் கூடாது, விலைக்கு வாங்கக் கூடாது, மேயவிடக் கூடாது, யாரிடமும் தீவனம் கேட்கவும் கூடாது. நானே கூடப் போய்ப் பார்க்கிறேன். தோற்றால் விகடகவி இனி நகர வாசலையே தாண்டக் கூடாது."

பாறை வரை போவதும் இல்லாமல் போய்விடும். ஆனாலும் தேனப்பன் "சித்தம்" என்றார்.

பாறையைத் தாண்டி முதல் ஊரில் வண்டி நின்றதும் சனம் கூடிவிட்டது. தேனப்பன் தீவனத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. முன்னால் நின்ற ஒருத்தியிடம், "ஏம்மா, இந்த வண்டி கடல் வரைக்கும் போவுது. உம் மகளை எந்த ஊர்ல குடுத்திருக்கே?" என்றார். அவ்வளவுதான்.

"ஐயோ சாமி, மூணாவது ஊர்ல! இந்த அதிரசத்தை அவ கையில சேத்துடுவீங்களா?" என்று ஓடினவள், பாதியில் நின்று திரும்பினாள். "குதிரை வயிறு ஒட்டிக் கெடக்கே! அடேய், கம்பு அள்ளியாங்கடா!"

அடுத்த ஊரில் கரும்புத் தோகை, அதற்கடுத்ததில் சோளத்தட்டை. கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்பார்களே, அந்தக் குதிரைகள் இதற்கெல்லாமும் அழகாகவே வாயைத் திறந்தன. வண்டிக்குள் அதிரசமும் சேதியும் நிறைந்தன.

நான்காம் ஊரில் ஓர் அம்மாள் வீரபத்திரரின் காதைப் பிடித்துவிட்டாள். அவருடைய அக்கா!

"அடே வீரா! அக்கா வீட்டுக்கு வழி தெரிய பன்னெண்டு வருஷமாடா?"

அவள் குதிரைக்குச் சோளமாவில் வெல்லம் பிசைந்து வைத்தாள். "குதிரைக்குப் போடாதேக்கா" என்று முனகினார் அதிகாரி.

"வாயை மூடுடா! உன்னைக் கூட்டியாந்த குதிரைடா அது" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நெய்தலூரில் செங்கமலம் ஓடி வந்தாள். பேரன் அவள் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தான். அவள் இலை போட்டுச் சோறு வடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கப்பா! குதிரைகூடச் சாப்பிட்டாச்சு!"

"நாள் தவறினா அப்புறம் வரவே முடியாதும்மா" என்று வண்டியேறினார் தேனப்பன். போட்ட இலை அப்படியே இருந்தது.

பத்தாம் நாள் குதிரைகள் மினுமினுவென்று வந்து நின்றன.

"ஏற்றினாரா?" என்றார் ராஜா.

"இல்லை, மகாராஜா" என்றார் வீரபத்திரர்.

"வாங்கினாரா? மேயவிட்டாரா?"

"இல்லை."

"கேட்டாரா?"

அதிகாரி பொய் சொல்லியிருக்கலாம். காது இன்னும் வலித்ததோ என்னவோ, சொல்லவில்லை. "கேட்டார், மகாராஜா. மகளை எங்கே கொடுத்திருக்கிறீர்கள் என்றுதான் ஊர் ஊராகக் கேட்டார். தீவனத்தைக் கேட்கவில்லை."

ராஜா கிரீடம் நழுவ நழுவச் சிரித்தார். ஊருக்கு ஒரு தீவனத் தொட்டி வைக்க வேண்டும், அந்தந்த ஊரில் விளைவதை அதில் போட வேண்டும் என்று ஆணையிட்டார். "நான்காம் ஊர்த் தொட்டியை நானே கட்டுகிறேன்" என்றார் வீரபத்திரர்.

"உமக்கு என்ன பரிசு வேண்டும், தேனப்பா?"

"நெய்தலூரில் ஓர் இலை போட்டபடி இருக்கிறது, மகாராஜா. போய்ச் சாப்பிட வேண்டும். என்றைக்குத் திரும்புவீர் என்று மட்டும் கேட்காதீர்கள்."

ராஜா கேட்கவில்லை. மறுநாள் காலை தேனப்பனோடு நெய்தலூருக்கு முதல் வண்டி புறப்பட்டது. அரைமூட்டைப் பாறையருகே வண்டிக்காரன் பழக்கதோஷத்தில் கடிவாளத்தை இழுத்தான். குதிரைகள் நிற்கவில்லை. அடுத்த ஊர்க் கம்பு அவற்றுக்கு நினைவிருந்தது.