இரைச்சலும் ஆளுயரப் படமும்

பொள்ளாச்சி மில் முதலாளி தெய்வசிகாமணி பெரும் பணம் கொட்டி ஆம்ப்ளிஃபயர் வாங்கினார். பாட்டைப் போட்டால் கூடவே வண்டு மாதிரி ஒரு இரைச்சலும் வந்தது.

“உன் கிரைண்டர்தான் கரண்டைக் கெடுக்குது,” என்று சமையல்கார மயிலாத்தா மேல் பாய்ந்தார். “எது இரைச்சலைக் கிளப்புதோ அது இந்த வீட்டுக்குள்ள இருக்கப்படாது. நாளையிலிருந்து ஆட்டுக்கல்லுல ஆட்டு!”

மயிலாத்தாவுக்கு வீம்பு வந்துவிட்டது. அவர் மில்லுக்குப் போனதும் பாட்டைப் போட்டுவிட்டு, வீட்டுச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தாள்.

மாலையில் கூடம் நிறைய விருந்தாளிகள். பாட்டு தொடங்கியது, இரைச்சலும் தொடங்கியது.

“ஏய், கிரைண்டரை நிறுத்து!”

மயிலாத்தா நிதானமாக வந்து, கையிலிருந்த ஃபியூஸ் கட்டையைக் காட்டினாள். “சமையக்கட்டுல கரண்டே இல்லீங்க, முதலாளி.”

சுவரில் அவருடைய ஆளுயரப் படம், சுற்றிலும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வைத்த விளக்குகளோடு ஜொலித்துக்கொண்டிருந்தது. அவள் போய் அந்த டிம்மரை அணைத்தாள். படம் இருண்டதும் இரைச்சல் நின்று, பாட்டு மட்டும் சுத்தமாகக் கேட்டது. விருந்தாளிகள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள்.

மயிலாத்தா சிரிக்கவில்லை. “உங்களைக் கொல்லையில எந்தப் பக்கமா சாத்தி வைக்கட்டுங்க?” என்று கேட்டபடி படத்தைக் கழற்ற ஸ்டூலை இழுத்தாள்.