மணல் மூட்டை வைத்த சிவப்புக் கார்

கோயமுத்தூரில் தேவசேனாதிபதி என்று ஒரு மில் முதலாளி இருந்தார். அவருக்கு உயிரே தன்னுடைய பழங்காலத்துச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்தான். அவருடைய இடத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மைதீன் பாயிடம் அதைக் கொண்டுவந்தார். கிளப் நண்பர்களும் கூடவே வந்தார்கள்.

"இது ரேஸுக்கில்ல பாய், ரோட்டுல ஓட்ட. ஸ்டியரிங்கை விட்டாலும் நூல் பிடிச்சாப்புல போகணும். இல்லைன்னா இடத்தைக் காலி பண்ணிரு."

"ஓட்டறவர் எடைக்கு சீட்டுல மணல் மூட்டை வெச்சுத்தான் அலைன்மென்ட் பார்க்கணுங்க. உங்க எடை எவ்வளவுங்க?"

முதலாளி நண்பர்களை ஓரக்கண்ணால் பார்த்தார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அறுபத்தஞ்சு."

சட்டைப் பொத்தான்கள் வேறு கணக்குச் சொல்லின. பாய் அவர் சொன்னபடியே அறுபத்தைந்து கிலோ மூட்டையை வைத்துச் சக்கரங்களைச் சரிசெய்தார்.

மறுநாள் ஒர்க்‌ஷாப் தெருவில், பாயும் நண்பர்களும் பார்க்க, முதலாளி காரை ஓட்டியபடி ஸ்டியரிங்கை விட்டார். கார் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு டீக்கடையைப் பார்த்துப் போனது. பிரேக் போட்டதால் வடைச்சட்டி தப்பியது.

"காலி பண்ணுய்யா இடத்தை!"

பாய் தானே ஏறி உட்கார்ந்தார். அவர் எடை நிஜமாகவே அறுபத்தைந்து. கையை விட்டார், கார் நூல் பிடித்தாற்போலப் போனது. நண்பர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள்.

பாய் பணிவாக இறங்கினார்.

"தப்பு வண்டி மேலதானுங்க. நீங்க சொன்னதை அப்படியே நம்பிருச்சு."