கமலை மாடு வக்கீலுக்குப் படித்த கதை

குட்டைக்கரைப் புங்கமரத்தடியில் விலங்குகளுக்கு ஒரு சட்டக் கல்லூரி நடந்துவந்தது. பாடம் நடத்தியது உடும்பு டீச்சர். ஒரு சட்டத்தைப் பிடித்தால் அது விடவே விடாது, உடும்புப் பிடிதான். படித்தவர்கள் எல்லாம் சின்னஞ்சிறுசுகள். கிளி, மைனா, அணில். அவர்களுக்குப் பின்னால், பாதி மரத்தை மறைத்துக்கொண்டு, செவலை என்ற வயதான காளை படுத்திருந்தது.

செவலை சும்மா வரவில்லை. வண்டி இழுத்துச் சாட்டையடி பட்ட காலத்தில், "நமக்காக ஒரு வார்த்தை பேச நாதியில்லையே" என்று ஏங்கிய மாடு அது. பேச ஆளில்லாதவர்களுக்காக நாம் பேசுவோம் என்றுதான் இந்த வயதில் படிக்க வந்தது.

சேரும்போது டீச்சர் கேட்டது: "இதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?"

"ஆறு வருஷம் செக்கு இழுத்தேன். அப்புறம் பாரவண்டி."

செக்குமாடு என்றதற்கே மைனா ஒரு வாரம் சிரித்தது. ஆகவே மூன்றாவது வேலையைப் பற்றிச் செவலை மூச்சே விடவில்லை. அது கமலை இழுத்த வேலை. கமலையில் மாடு சரிவில் இறங்கிக் கிணற்றுத் தண்ணீரை இழுக்கும். பிறகு திரும்பாமல் அப்படியே பின்னாலேயே நடந்து மேடேறும். வக்கீலாகப் போகிற மாடு பின்னால் நடந்து பிழைத்தது என்று தெரிந்தால், மைனா ஒரு வருஷம் சிரிக்காதா?

படிப்பும் லேசில் ஏறவில்லை. காலையில் படித்த சட்டம், மேய்ந்துவிட்டு வருவதற்குள் மறந்துபோகும். கிளிப்பெண் சொக்கிக்கோ எல்லாம் தலைகீழ்ப் பாடம். "மாமா, புல்லை அசைபோடறப்ப சட்டத்தையும் சேர்த்து அசைபோடுங்க" என்று அது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும். செவலைக்கு அந்தக் குட்டியின் மேல் கொள்ளைப் பிரியம்.

காட்டில் ஒரு சட்டம் இருந்தது. கோடையில் குட்டைக்குள் கால் வைத்துக் கலக்கினவர், காட்டை விட்டே போகவேண்டும். ஒருநாள் காலையில் தண்ணீர் ஒரே கலங்கலாகக் கிடந்தது. கரைச்சேற்றில் வெள்ளச்சி என்ற ஆட்டின் குளம்படிகள். எல்லாம் தண்ணீரைப் பார்த்திருந்தன. திரும்பி வந்த அடி ஒன்றுகூட இல்லை. காடே கரையில் கூடிவிட்டது.

"இதுதான் உங்களுக்குப் பரீட்சை" என்றது டீச்சர். "சொக்கி, நீ குற்றம் சாட்டு. செவலை ஐயா, நீங்க வெள்ளச்சிக்காகப் பேசுங்க."

வெள்ளச்சி இரண்டு குட்டிகளோடு முன்னால் வந்து நின்றது. "நான் பாறை வழியா இறங்கி வாயை வெச்சுத்தான் குடிச்சேன், தாயே. தண்ணிக்குள்ளேருந்து ஒரு முதலை பாய்ஞ்சுது. தண்ணியைக் கலக்கினது அதுதான். முதுகைக் காட்டினா பிடிச்சுடும்னு அதையே பார்த்துக்கிட்டுச் சேத்துல பின்னாலேயே நடந்து வந்தேன்."

கூட்டம் சிரித்தது.

"இந்தக் குட்டையில முதலையைப் பார்த்தவங்க யாரு?" என்றது சொக்கி. "நாலு காலை வெச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் பின்னாலேயே நடக்க முடியுமா? பொய்க்கும் ஒரு அளவு வேணும். உள்ளே இறங்கிக் கலக்கிட்டு, நீந்தி அக்கரையில ஏறியிருக்கா."

செவலையின் முறை வந்தது. அதற்கு ஒரு சட்டமும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் வெள்ளச்சி சொன்னது நடக்கக்கூடியதுதான் என்று தெரியும். அந்தக் கூட்டத்தில் அதற்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் ஒரு தாய் குட்டிகளோடு காட்டை விட்டுப் போகும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"முடியும்" என்று எழுந்து நின்றது செவலை. "நான் ஒன்பது வருஷம் அப்படித்தான் நடந்தேன். நான் கமலை மாடு. சேர்றப்ப மறைச்சுட்டேன், மன்னிச்சுடுங்க டீச்சர்."

செவலை பாறை வழியாகவே இறங்கி, தண்ணீரைப் பார்த்து நின்றது. பிறகு ஆட்டின் தடத்துக்குப் பக்கத்திலேயே, திரும்பிப் பார்க்காமல், கோடு பிடித்ததுபோலப் பின்னாலேயே நடந்து கரையேறியது. மைனா களுக்கென்று சிரித்தது. செவலைக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் நிற்கவில்லை.

"இப்ப ரெண்டு தடத்தையும் பாருங்க. முன்னாடி நடந்தா சேறு பின்பக்கம் ஒதுங்கும். பின்னாடி நடந்தா முன்பக்கம் ஒதுங்கும். என் தடத்துல சேறு முன்பக்கம். வெள்ளச்சி தடத்துலயும் முன்பக்கம்தான்."

சொக்கி கீழே இறங்கி ஒவ்வொரு அடியாகப் பார்த்தது. "மாமா சொல்றது சரிதான் டீச்சர். என் பேச்சுத்தான் தப்பு."

"நடந்தது சரி. முதலை எங்கே?" என்றது டீச்சர். பிடியை விடுமா அது?

அப்போது குட்டை நடுவே இரண்டு கண்கள் மெல்ல எழும்பின.

கூட்டத்தில் யாரும் திரும்பி ஓடவில்லை. டீச்சர், அணில், ஆடு எல்லாம் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு, பின்னாலேயே நடந்து புங்கமரம் வரை வந்துவிட்டன. சிரித்த மைனாவும் நடந்தே வந்தது. பறக்கலாம் என்பதே அதற்கு மறந்துபோயிற்று.

வெள்ளச்சி விடுதலை ஆயிற்று. செவலையின் கழுத்தில் முகத்தைத் தேய்த்து அழுதது. குட்டிகள் அதன் காலுக்கடியில் துள்ளின.

"ஐயா, நீங்க ஒரு சட்டத்தின் பேரைக்கூடச் சொல்லலை" என்றது டீச்சர். "அதனால நூத்துக்கு முப்பத்தஞ்சு. பாஸ்."

செவலைக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. பட்ட பாட்டைச் சொல்ல வெட்கப்படாதே. அது உனக்குச் சோறு போட்டதோடு நிற்காது, ஒருநாள் இன்னொருவரின் உயிரையும் காக்கும்.