முப்பத்தேழாவது நினைவூட்டல்

காட்டாறு இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்றுசேரும் இடத்தில் ஒரு மேடு இருந்தது. அந்த மேட்டில் ஓர் ஆலமரம். அதன் நிழலில்தான் விலங்குகளின் மேல்நிலைப் பள்ளி நடந்துவந்தது.

அங்கே தலைமையாசிரியர் ஒரு நாரை. நல்லவர், நேர்மையானவர், ஒரு நாள்கூடப் பள்ளிக்குத் தாமதமாக வந்ததில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு பலவீனம்தான். பெற்றோருக்கு நினைவூட்டல் எழுதத் தொடங்கினால் அவருக்கு நிறுத்தத் தெரியாது!

பருவத்துக்கு ஒருமுறை சுற்றறிக்கை போகும். நாரை சொல்லச் சொல்ல, எழுத்தர் மரங்கொத்தி பெரிய தேக்கிலைகளில் அலகால் கீறி எழுதுவார். வீட்டுக்கு ஓர் இலை. எழுதி முடிப்பதற்குள் பாவம், மரங்கொத்தியின் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

அரையாண்டுப் பருவம் தொடங்கிய திங்கட்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று. "காலாண்டுத் தேர்வில் தேறியவர்களுக்கு வாழ்த்து" என்று ஆரம்பித்து, "வாலைச் சீவி அனுப்பவும், நகத்தை வெட்டி அனுப்பவும், மதிய உணவில் உயிருள்ள புழுக்களைத் தவிர்க்கவும்" என்று இருபதைத் தாண்டி, முப்பதையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

முப்பத்தாறாவது நினைவூட்டலின்போது மூத்த யானை ஒன்று மூச்சு வாங்க வந்து நின்றது. மேல்மலையில் யானைகள் குளிப்பதற்காக ஆற்றை மறித்துக் கட்டையும் பாறையும் போட்டு வைத்திருந்தன. மழையில் அந்த மடு நிரம்பித் தளும்பியது.

"வியாழக்கிழமை உச்சிவேளையில மடுவை உடைச்சு விடுறோம், சார்! உங்க மேட்டைச் சுத்தித் தண்ணி ஏறிடும். மேடும் முங்கும். அதுக்கு முன்னாடியே பிள்ளைங்களை வீட்டுக்கு அனுப்பிடுங்க!" என்றது யானை.

"கவலையே படாதீங்க! சுற்றறிக்கையில போட்டுடறேன்!" என்றார் நாரை.

யானை நிம்மதியாகத் திரும்பிப் போனது. மரங்கொத்தி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், இதை முதல்ல போட்டுடலாமே?"

"முதல்ல வாழ்த்துரைதான் வரணும்! முறைன்னு ஒண்ணு இருக்கு இல்லையா? கடைசியா வந்த செய்தி கடைசியிலதான் வரும். எழுதுங்க. முப்பத்தேழு! 'வியாழக்கிழமை மேட்டில் வெள்ளம் ஏறும். உச்சிவேளைக்கு முன் பிள்ளைகளை வந்து அழைத்துச் செல்லவும்.'"

மரங்கொத்தி எழுதினார். இலையில் இடம் தீர்ந்துபோனதால், காம்புக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாக எழுதினார்.

அன்று மாலை சுற்றறிக்கை எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்தது என்னவோ உண்மைதான். அப்புறம் என்ன ஆனது என்று கேளுங்கள்.

வரையாடு அம்மா வாழ்த்துரை வரைக்கும் படித்தாள். இலை பசுமையாக இருந்தது, அவளுக்கோ பசி. மீதியைத் தின்றுவிட்டாள். முள்ளம்பன்றி அப்பா இலையைப் பத்திரமாக முதுகில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார். போய் எடுத்துப் பார்த்தால் ஓட்டைகள்தான் இருந்தன, எழுத்தைக் காணோம். முயல் அம்மா மருதாயி மட்டும் கொஞ்சம் பொறுப்பானவள். உட்கார்ந்து படிக்கத்தான் தொடங்கினாள். மூன்றாவது நினைவூட்டலில் கண் சொக்கியது. நல்ல அகலமான இலையாயிற்றே என்று அதையே விரித்துப் படுத்துவிட்டாள்.

அதே திங்கட்கிழமை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் ஒரு வேலையில் இறங்கியிருந்தார்கள். கோடையில் சின்ன வகுப்புக் குட்டிகள் தண்ணீர் குடிக்க ஆற்றங்கரை வரை ஓட வேண்டியிருந்தது. பள்ளியிலேயே ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டால் என்ன? நாரையிடம் முன்பே அனுமதி வாங்கி, பந்தல் கட்டக் காட்டுக்கொடிகளையும் சேர்த்து வைத்திருந்தார்கள். இனி தண்ணீர் வைக்கக் காய்ந்த சுரைக்குடுவைகள் வேண்டும். சும்மா கேட்டால் யார் கொடுப்பார்கள்? காடெல்லாம் அலைந்து நெல்லிக்காய் பறித்துக் குவித்தார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் நின்றவள் மருதாயியின் மகள் வேம்பு. அவளும் வகுப்புத் தோழன் நீர்நாயும் வீடு வீடாகப் போய்க் கத்தினார்கள்.

"ஒரு குடுவை குடுங்க! ஒரு மடி நெல்லிக்காய் வாங்குங்க! வியாழக்கிழமை காலையில!"

அவ்வளவுதான். வாழ்த்துரை இல்லை, வால் சீவுவதும் இல்லை. அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டார்கள்.

வியாழக்கிழமை விடிந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவரும் குடுவையைத் தலையில் தூக்கிக்கொண்டு, கணுக்கால் அளவுத் தண்ணீரில் ஆற்றைக் கடந்து பள்ளிக்கு வந்தார்கள். ஒரு வீடு பாக்கியில்லை! சில வீட்டிலிருந்து இரண்டு குடுவை, மூன்று குடுவை. ஆலமரத்தடியில் குடுவைகள் மலைபோல் குவிந்தன. நெல்லிக்காய் தீர்ந்துபோய், வேம்பு கையைப் பிசைந்தாள்.

நாரையோ மேட்டின் ஓரத்தில் ஒற்றைக்காலில் நின்று அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. ஒரு பெற்றோரையும் காணோம்.

"சார், நாமளே பிள்ளைங்களை அனுப்பிடலாமே? இப்போ தண்ணி குறைவாத்தான் இருக்கு!" என்றார் மரங்கொத்தி.

"அது எப்படி? பள்ளி நேரத்துல பெற்றோர் நேர்ல வந்து கூட்டிட்டுப் போகாம எந்தப் பிள்ளையையும் வெளியே விடக்கூடாது. அது ஏழாவது நினைவூட்டல்!"

"அந்த ஏழாவதை யாராவது படிச்சிருப்பாங்களா, சார்?"

"படிக்காம இருப்பாங்களா! வழக்கம்போலத் தாமதம், அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் போனது. இன்னும் கொஞ்ச நேரம் போனது. மேல்மலையில் 'தடதட'வென்று ஒரு சத்தம் எழுந்தது. நாரையின் தூக்கிய கால் தானாகக் கீழே இறங்கியது.

செங்கலங்கல் நீர் கட்டைகளைப் புரட்டிக்கொண்டு வந்தது. சற்று முன்பு பிள்ளைகள் நடந்துவந்த துறை கண்ணெதிரே காணாமல் போனது. மேட்டைச் சுற்றி எங்கும் தண்ணீர்! பறவைப் பிள்ளைகள் பறந்தார்கள், குரங்குப் பிள்ளைகள் மரத்தில் ஏறினார்கள். ஆனால் முயல், வரையாடு, முள்ளம்பன்றிக் குட்டிகள் எங்கே போகும்? ஆறாம் வகுப்புக் குட்டிகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு அழுதன.

நாரை அக்கரைக்குப் பறந்தார். இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு வேகமாகப் பறந்ததே இல்லை. முதலில் கண்ணில் பட்டது மருதாயியின் வளை. அவள் தேக்கிலையில் புரண்டு படுத்துக்கொண்டிருந்தாள்.

"மருதாயி! எழுந்திரும்மா! ஏன் பிள்ளையைக் கூப்பிட வரலை? தெளிவா எழுதியிருந்தேனே! முப்பத்தேழாவது நினைவூட்டல்!"

"முப்பத்தேழா? நான் மூணுலயே தூங்கிட்டேனே, சார்!" என்று பதறி எழுந்த மருதாயி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். "ஏன் சார்? என் பொண்ணுக்கு என்ன?"

பதிலுக்குக் காத்திராமல் கரைக்கு ஓடினாள். ஓடிய வேகத்தில் வரையாடு அம்மாவையும் முள்ளம்பன்றி அப்பாவையும் மற்றப் பெற்றோரையும் கூவி அழைத்தாள். கரையில் வந்து பார்த்தாள். நுரை பொங்கும் வெள்ளத்துக்கு நடுவே மேடு பாதியாகச் சுருங்கியிருந்தது. அதன்மேல் சின்னதாய் வேம்பு தெரிந்தாள்.

"அடி வேம்பு! அங்கேயே நில்லுடி! தண்ணியில இறங்காதே!" என்று அலறினாள்.

வேம்பு கையாட்டினாள். ஆனால் அவள் கண் அம்மாமேல் இல்லை. காலடிக்கு வந்த தண்ணீரில் மிதந்து மிதந்து நகரும் ஒரு குடுவைமேல் இருந்தது. அதை அழுத்தினாள். அது விருட்டென்று மேலே வந்தது. இன்னொரு முறை அழுத்தினாள். மறுபடியும் மேலே வந்தது!

"டேய் நீர்நாய்! பந்தல் கட்ட வெச்ச கொடியெல்லாம் எடு! ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போடு! ஒரு முனையை ஆலமரத்துல கட்டிட்டு, மறுமுனையை நீ அக்கரைக்கு இழுத்துட்டுப் போ!"

நீர்நாய்க்கு வெள்ளம் ஒரு பொருட்டா? கொடியைக் கவ்விக்கொண்டு குதித்தான். கட்டை வந்தால் மூழ்கினான், போனால் எழுந்தான். அக்கரை சேர்ந்ததும் மருதாயியும் மற்றவர்களும் பாய்ந்து கொடியை வாங்கி, ஒரு மருதமரத்தில் சுற்றி இறுக்கிக் கட்டினார்கள்.

இந்தப் பக்கம் வேம்பு முதலில் ஆறாம் வகுப்புக் குட்டிகளைக் கூப்பிட்டாள். ஒவ்வொன்றின் அக்குளிலும் இரண்டு குடுவை வைத்துக் கட்டினாள்.

"கொடியை விடாதே! கீழே பார்க்காதே! அக்கரையில உங்கம்மா நிக்கிறாங்க பாரு, அவங்களையே பார்த்துட்டுப் போ!"

அப்போது திரும்பி வந்து இறங்கிய நாரைக்குத் திடீரென்று ஒன்று நினைவுக்கு வந்தது.

"ஐயையோ, நிறுத்துங்க! அந்தக் குடுவையெல்லாம் மிதக்காது! 'வாயை வெட்டி, விதையை எடுத்துச் சுத்தம் செய்து அனுப்பவும்'னு இருபத்திரண்டாவது நினைவூட்டல்ல போட்டிருந்தேனே! தண்ணி உள்ளே போயிடுமே!"

மரங்கொத்தி ஒரு குடுவையை அலகால் தட்டிப் பார்த்தார். உள்ளே விதை கலகலவென்றது. இன்னொன்றைத் தட்டினார். அதிலும் கலகல! ஒன்றில்கூட வெட்டு இல்லை.

"ஒருத்தரும் வெட்டலை, சார்! ஒருத்தரும் படிக்கவே இல்லை!"

"அப்பாடா! படிக்கலையா! நல்லவேளை, நல்லவேளை!" என்று நாரை இறக்கையை அடித்துக்கொண்டு குதித்தார். தன் சுற்றறிக்கையை யாரும் படிக்காததற்காகச் சந்தோஷப்பட்ட தலைமையாசிரியர் அந்தக் காட்டிலேயே அவர் ஒருவர்தான்.

முதல் குட்டி தண்ணீரில் இறங்கியது. தலை முங்கவில்லை! கொடியைப் பற்றிப் பற்றி நகர்ந்தது. அக்கரையில் முள்ளம்பன்றி அப்பா கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார். இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. குரங்குப் பிள்ளைகள் கொடியில் தொங்கியே வந்து சேர்ந்தார்கள். நீர்நாய் பக்கத்திலேயே நீந்திக்கொண்டு, பயந்தவர்களைத் தள்ளித் தள்ளி விட்டான். கரை சேர்ந்த ஒவ்வொரு குட்டியையும் யாராவது ஒரு அம்மா வாரியெடுத்து முத்தமிட்டாள். அது தன் குட்டியா என்றுகூட அவர்கள் பார்க்கவில்லை.

கடைசியில் மேட்டில் வேம்பு மட்டும் நின்றாள். எல்லாருக்கும் முடிச்சுப் போட்டவளுக்கு முடிச்சுப் போட ஆளில்லை. தண்ணீர் அவள் வயிற்றைத் தொட்டது.

நாரை தண்ணீருக்குள் இறங்கினார். தன் நீண்ட அலகால் கொடியைக் கோத்து, வேம்புவின் அக்குளில் குடுவைகளைக் கட்டினார். எழுதச் சொல்லியே பழகியவருக்கு முடிச்சு சுலபத்தில் வரவில்லை. இரண்டு முறை நழுவி, மூன்றாம் முறை இறுகியது.

"போம்மா. நானும் பக்கத்துலேயே வர்றேன்" என்றார்.

பாதி ஆற்றில் ஒரு கட்டை வந்து கொடியில் மோதியது. கொடி வளைந்தது. வேம்பு ஒரு கணம் தண்ணீருக்குள் போனாள். அக்கரையில் மருதாயி "ஐயோ!" என்று வீறிட்டாள். மறுகணம் குடுவைகள் வேம்புவை விருட்டென்று மேலே தூக்கின! கட்டை உருண்டு போயிற்று. இருமிக்கொண்டே கொடியைப் பற்றி, அவள் கரைக்கு வந்து சேர்ந்தாள்.

மருதாயி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், முதுகில் ஒன்று வைத்தாள், மறுபடி கட்டிக்கொண்டாள். எல்லாப் பிள்ளைகளும் வந்தாயிற்று. ஒருவரும் விடுபடவில்லை.

எல்லாருக்கும் உயிர் வந்த பிறகு, நாரை தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"என்னை மன்னிச்சிடுங்க. உயிர் போற விஷயத்தைக் கடைசியில போட்டேன்."

"நாங்களும் படிச்சிருக்கணும், சார். நான் அதை விரிச்சுப் படுத்திருந்தேன்" என்றாள் மருதாயி.

"நான் தின்னுட்டேன்" என்றாள் வரையாடு அம்மா, மிகவும் மெல்லிய குரலில்.

முள்ளம்பன்றி அப்பா முதுகில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த இலைத் துணுக்கைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ஆனா, இந்தப் பொண்ணு குடுவை கேட்டு வந்தாளே," என்று நாரை வேம்புவைப் பார்த்தார். "அது மட்டும் எப்படி ஒரு வீடு பாக்கியில்லாம எல்லாருக்கும் நினைவிருந்துச்சு?"

"அவ ஒண்ணே ஒண்ணுதானே சார் சொன்னா!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

நாரை மெல்லத் தலையாட்டினார். பிறகு மரங்கொத்தியைக் கூப்பிட்டார்.

"எழுதுங்க. 'வெள்ளம் வடியும்வரை பள்ளி விடுமுறை.'"

மரங்கொத்தி எழுதிவிட்டு, வழக்கம்போல அடுத்த வரிக்கு அலகைத் தூக்கிக் காத்திருந்தார். நாரையால் அடக்க முடியவில்லை.

"விடுமுறையிலயும் வாலைச் சீவணும்னு மட்டும் ஒரு வரி..."

"சார்!"

"சரி சரி! வேண்டாம்! அனுப்பிடுங்க!"

அன்று போன சுற்றறிக்கையை ஒரு வீடு விடாமல் எல்லாரும் படித்தார்கள். வரையாடு அம்மாகூட முழுக்கப் படித்துவிட்டுத்தான் தின்றாள்.

அவசியமான ஒன்றை முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். நூறு நினைவூட்டல்களுக்கு நடுவே சொன்னால் அது சொல்லாததற்குச் சமம்.